படி எடுத்து வைத்துக்கொள்ளாத பொறியாளர்

"பேப்பர் போட்டுட்டியாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் அப்பாவின் முதல் கேள்வி இதுதான். ரொம்ப நாளைக்கு அவர் எந்தப் பேப்பரைச் சொல்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒருநாள் மலேசிய நண்பன் ஞாயிறு பதிப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இந்த வாரமும் வரலியே" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் முனைவர் பட்ட ஆய்வுக் கட்டுரை தமிழ்ப் பத்திரிகையில் வரப்போகிறது என்று மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

சிரிப்பு வந்தது. கொஞ்சம் தொண்டையும் அடைத்தது.

அப்பா 31 வருஷம் செம்பனை ஆலையில் பாய்லர்மேன். ஆலையின் பின்பக்கக் குளங்களில் கொட்டும் கழிவுநீரின் நாற்றத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். செம்பனைப் பழத்தை நீராவியில் அவித்து, பிழிந்து, எண்ணெயைப் பிரித்த பிறகு மிஞ்சும் பழுப்புத் தண்ணீர் அது. வெளியே வரும்போது 80, 90 டிகிரிச் சூட்டில் இருக்கும். குளத்தில் தங்கித் தங்கி அடியில் கெட்டியான கசடு படியும். அந்தக் கசட்டைக் குழாய் வழியே பம்ப் செய்யும்போது எவ்வளவு அழுத்தம் இழக்கிறோம் என்பதுதான் என் ஆய்வு. கேட்பதற்கு ஒன்றுமில்லாத விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கசடு தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளாது. வேகமாகத் தள்ளினால் இளகும், மெதுவாகத் தள்ளினால் கெட்டியாகும். பாடப்புத்தகச் சூத்திரம் அப்படியே பொருந்தாது.

மூன்று வருஷம் குழாயும் பம்பும் அழுத்தமானியுமாக ஓடிய பிறகு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். பட்டம் வாங்க வேண்டுமென்றால் குறியீட்டுப் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் இரண்டு கட்டுரை வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. உதவித்தொகை முடிய எட்டு மாதம் இருந்தது.

முதல் ஆய்விதழ் நான்கே நாளில் திருப்பி அனுப்பியது. 'எங்கள் இதழின் எல்லைக்குள் வரவில்லை' என்று இரண்டு வரி. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது இதழ் ஐந்து மாதம் வைத்திருந்தது. முதல் ரிவியூவர் சின்னத் திருத்தங்களோடு போடலாம் என்றார். இரண்டாம் ரிவியூவர் மூன்று விஷயம் சொன்னார். இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இதற்கு முன் இந்தத் துறையில் வேலை செய்தவர்களை எழுதியவர் படித்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டித் திருத்தவும். இதழாசிரியர் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தார்.

முதல் இரண்டையும் விட மூன்றாவதுதான் சுருக்கென்று தைத்தது. ஏன் என்று இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் என் மேற்பார்வையாளரிடம் போனேன். ஓய்வு பெறப்போகிற வயது அவருக்கு. நாங்கள் எல்லோரும் புரோப் என்றுதான் கூப்பிடுவோம். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கணினியில் எதையோ தேடி அச்சடித்துக் கொடுத்தார். "இதப் படிச்சிட்டு வா. அப்புறம் பேசலாம்."

அது 1892-ஆம் ஆண்டு ராயல் சொசைட்டியின் ஃபிலசாபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர் பெயர் ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன். கட்டுரை அந்தச் சங்கத்துக்கு வந்து சேர்ந்த ஆண்டு 1845. இரண்டுக்கும் நடுவில் 47 வருஷம். நான் ஐந்து மாதத்துக்கே அழுதுகொண்டிருந்தேன்.

வாட்டர்ஸ்டன் 1811-இல் எடின்பரோவில் பிறந்தவர். படிப்பால் சிவில் பொறியாளர், இங்கிலாந்தில் ரயில் பாதை வேலைகள் பார்த்தவர். 1839-இல் பம்பாய்க்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். சம்பளம் வந்தது, மிச்ச நேரமும் கிடைத்தது. அந்த மிச்ச நேரத்தில்தான் வாயுக்களைப் பற்றி யோசித்தார்.

அவர் சொன்னது இன்று பள்ளி இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு வாயு என்பது எல்லாத் திசையிலும் பறந்து, ஒன்றோடொன்றும் சுவரோடும் மோதித் திரும்பும் எண்ணற்ற மூலக்கூறுகளின் கூட்டம். சுவரில் விழும் அந்த அடிகளின் மொத்தம்தான் அழுத்தம். அந்த ஓட்டத்தின் வேகம்தான் வெப்பம். இதோடு அவர் நிறுத்தவில்லை. வெவ்வேறு வாயுக்கள் ஒரே வெப்பநிலையில் சமநிலையில் இருந்தால், கனமான மூலக்கூறு மெதுவாகவும் லேசான மூலக்கூறு வேகமாகவும் ஓடி, சராசரியாக இயக்க ஆற்றல் சமமாக இருக்கும் என்றும் எழுதினார். இந்தக் கருத்தோடு உலகம் பிற்பாடு சேர்த்துச் சொல்லிய பெயர்கள் மேக்ஸ்வெல், போல்ட்ஸ்மன்.

1845-இல் கட்டுரையைக் கையால் எழுதி முடித்து, பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பலில் அனுப்பினார். அந்த வருஷ ஆகஸ்டில்தான் பி அண்ட் ஓ கம்பெனியின் முதல் தபால் நீராவிக் கப்பல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. அதுவரை நம்ம பக்கத்துக்குக் கடிதம் வர மாதங்கள் ஆகும். காலனியிலிருந்து தலைநகரத்துக்கு ஒரு கட்டுரை அனுப்புவது என்றால் அந்தத் தூரத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் பக்கத்தில் இல்லை. கூட்டத்தில் எழுந்து நின்று பேச வழியில்லை. காகிதம்தான் அவருக்காகப் பேச வேண்டும்.

டிசம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தது. 1846 மார்ச்சில் சங்கத்தின் கூட்டத்தில் படிக்கப்பட்டது. பிறகு இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் போனது.

மதிப்பீட்டாளர் என்ற ஆளே அப்போது புதுசு. ஃபிலசாபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ் 1665-இல் தொடங்கியபோது, அதை நடத்திய ஹென்றி ஓல்டன்பர்க் தனக்கு வரும் கடிதங்களில் நல்லது என்று தோன்றியதைப் போட்டார், அவ்வளவுதான். எழுத்தில் மதிப்பீட்டு அறிக்கை வாங்கும் வழக்கம் ராயல் சொசைட்டியில் 1830-களின் தொடக்கத்தில்தான் வந்தது. பொறியாளர்களுக்கு வேறு பாதையும் இருந்தது. லண்டன் சிவில் பொறியாளர் சங்கத்தில் கட்டுரையைக் கூட்டத்தில் படிப்பார்கள், மற்றவர்கள் எழுந்து அடித்துப் பேசுவார்கள், அந்த விவாதத்தையும் கட்டுரையோடு சேர்த்தே அச்சிடுவார்கள். எனக்கென்னவோ அந்த முறைதான் பிடித்திருக்கிறது. திட்டுகிறவர் பெயராவது தெரியும்.

வாட்டர்ஸ்டனின் மதிப்பீட்டாளர்களில் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பேடன் பவல். முழுக் கட்டுரையும் ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது, அது கணிதக் கோட்பாட்டுக்குத் தகுந்த அடித்தளம் இல்லை என்று அவர் எழுதினார். இன்னொருவர் சர் ஜான் லபக். அவர் எழுதியதன் சாரம், இது வெறும் பிதற்றல், சங்கத்தின் முன் படிக்கக்கூடத் தகுதியில்லாதது.

ஆங்கிலத்தைத் திருத்து என்று மட்டும் சொல்லவில்லை. எழுதியவர் ஸ்காட்லாந்துக்காரர் அல்லவா.

அச்சிட வேண்டாம் என்று முடிவானது. இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. சங்கத்தின் முன் படிக்கப்பட்ட கட்டுரை சங்கத்தின் சொத்து. அச்சிட்டாலும் அச்சிடாவிட்டாலும் கையெழுத்துப் பிரதி ஆவணக் காப்பகத்துக்குத்தான் போகும், எழுதியவருக்குத் திரும்பாது. வாட்டர்ஸ்டன் தனக்கென்று ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

முதல் முறை இதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. என் கட்டுரை மடிக்கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மேகத்தில் ஒன்று என்று 'கடைசி', 'கடைசி 2', 'நிஜமான கடைசி' என்ற பெயர்களில் கிடக்கிறது. அவரிடம் ஒன்றுமே இல்லை. பல மாதம் உட்கார்ந்து எழுதிய கணக்குகள் எல்லாம் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு அலமாரியில். வேறு இதழுக்கு அனுப்பலாம் என்றால் அனுப்ப எதுவும் கையில் கிடையாது.

வெளியே தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அச்சான கட்டுரைச் சுருக்கம். அவ்வப்போது அவரும் சும்மா இருக்கவில்லை. 1851-இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்துக்கு ஒரு சிறு சுருக்கம் கொடுத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1856-இல் க்ரோனிக், 1857-இல் கிளாசியஸ், 1860-இல் மேக்ஸ்வெல் என்று அதே கருத்து வேறு கைகளில் பிறந்து புகழ் பெற்றது. வாட்டர்ஸ்டன் 1857-இல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார். ஒலியைப் பற்றி, சூரிய வெப்பத்தைப் பற்றி, திரவங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டே இருந்தார். அறிவியல் சங்கங்கள் என்ற பேச்சை எடுத்தாலே கோபப்படுவார் என்று உறவினர்கள் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1883 ஜூன் 18 அன்று எடின்பரோவில் தங்கியிருந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போனார். திரும்பி வரவில்லை.

எட்டு ஆண்டு கழித்து, 1891-இல், ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்த ராலே பிரபு வாட்டர்ஸ்டனின் பழைய கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். ஒலியைப் பற்றியது. அதில் தன் 1845 கட்டுரையைப் பற்றி வாட்டர்ஸ்டன் ஓரிடத்தில் குறிப்பிட்டிருந்தார். ராலே காப்பகத்துக்குள் போய் அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தார். அடுத்த ஆண்டு ஒரு முன்னுரையோடு முழுவதையும் அச்சேற்றினார். இந்தக் கட்டுரை அப்போதே வராமல் போனதால் இத்துறை பத்துப் பதினைந்து ஆண்டு பின்தங்கிப் போயிற்று என்று அந்த முன்னுரையில் எழுதினார்.

அதை முடித்துவிட்டு புரோப்பிடம் போனேன். கண்ணீரோடு போனேன் என்றால் மிகை. ஆனால் ஒரு வீராப்போடு போனேன். "பாத்தீங்களா புரோப், ரிவியூவர்னா அன்னிலேர்ந்தே இப்படித்தான்."

"முன்னுரைய முழுசாப் படிச்சியா?"

"படிச்சேன்."

"பெர்னூலியப் பத்தி என்ன எழுதியிருக்காரு?"

அந்தப் பத்தியைத் தாண்டி ஓடியிருந்தேன். மறுபடி படித்தேன். வாயு என்பது ஓடி மோதும் துகள்களின் கூட்டம் என்று டேனியல் பெர்னூலி 1738-லேயே தன் நீரியக்கப் புத்தகத்தில் எழுதிவிட்டார். வாட்டர்ஸ்டன் அதைச் சொல்லவில்லை. பெர்னூலியின் கோட்பாட்டை நான் மேலே எடுத்துச் செல்கிறேன் என்று அவர் ஆரம்பித்திருந்தால், அதைப் பிதற்றல் என்று எழுத ஒரு மதிப்பீட்டாளர் தயங்கியிருப்பார் என்று ராலே சொல்கிறார். அதோடு, பேர் தெரியாத இளம் எழுத்தாளர்கள் பெரிய பாய்ச்சலுக்கு முன்னால், எல்லை சின்னதாகவும் மதிப்பு சுலபமாகத் தெரிவதாகவும் உள்ள வேலை ஒன்றைச் செய்து பேர் வாங்கிக்கொள்வது நல்லது என்றும் புத்திமதி சொல்கிறார்.

அந்தப் புத்திமதி எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. செத்துப்போன ஒரு மனுஷனின் கட்டுரையை 47 வருஷம் அலமாரியில் வைத்திருந்த சங்கத்தின் செயலாளர், அதே கட்டுரையின் முன்னுரையில் இளைஞர்களைப் பார்த்து அடக்கமாக இருங்கள் என்று சொல்வது என்ன நியாயம்? இத்தனைக்கும் ராலேக்கே இந்த அனுபவம் உண்டு. பிரிட்டிஷ் அசோசியேஷனுக்கு அவர் அனுப்பிய கட்டுரை ஒன்றில் எப்படியோ பெயர் விட்டுப்போய்விட்டது. கிறுக்கன் யாரோ எழுதியது என்று குழு ஒதுக்கி வைத்துவிட்டது. எழுதியவர் யார் என்று தெரிந்ததும் கட்டுரையில் விஷயம் இருப்பது தெரிந்துவிட்டதாம். அவர் மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது வருகிறது.

ஆனால் பெர்னூலி விஷயம் வேறு. அங்கே நான் மாட்டிக்கொண்டேன். என் கட்டுரையில் முன் ஆய்வுகள் பகுதி ஒரே பத்தி. ஏழே ஏழு மேற்கோள். அதில் இரண்டு புரோப்புடையது. எங்கள் கசடு மாதிரி வேகத்துக்கு ஏற்ப இளகும் திரவங்களுக்கு என்று மெட்ஸ்னரும் ரீடும் 1955-லேயே ரெனால்ட்ஸ் எண்ணைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். அதை நான் பயன்படுத்தியிருந்தேன், ஆனால் யாருடையது என்று சொல்லாமல் ஏதோ பொதுச் சொத்து மாதிரி. இரண்டாம் ரிவியூவர் கேட்டது அதைத்தான். முன்னால் யார் வந்தார்கள் என்று சொல்லாவிட்டால், நீ எங்கே நிற்கிறாய் என்று படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

வாட்டர்ஸ்டனின் கட்டுரையை அதற்கப்புறம் ஒரு ரிவியூவர் கண்ணோடு படித்துப் பார்த்தேன். வாயுவைப் பற்றிப் பேசுகிறேன் என்று நேராக ஆரம்பிக்கவில்லை. ஒரு கற்பனை ஊடகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்று தொடங்கி, அதன் குணங்களை ஒவ்வொன்றாக நிறுவி, பிறகுதான் அது நிஜ வாயு மாதிரியே இருக்கிறது பார் என்று வருகிறார். வாயுவின் இரண்டு வெப்ப எண்களின் விகிதத்தைக் கணக்கிடும் இடத்தில் ஒரு பிழையும் இருக்கிறது. லபக் செய்தது தப்புதான். ஆனால் பொறுமையில்லாத ஒரு வாசகன் முதல் இரண்டு பக்கத்தில் ஏன் புத்தகத்தை மூடினான் என்பது எனக்குப் புரிந்தது. அது புரிந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. அதிலும் ராலே வருகிறார்.

ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியர். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு நடுவில் சாயத்தை மெல்லிய கோடாக விட்டார். மெதுவாக ஓடும்போது சாயம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். வேகம் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சட்டென்று கலைந்து சுழியாகிக் குழாய் முழுக்க நிறம் பரவும். வேகம், குழாயின் விட்டம், திரவத்தின் அடர்த்தி, பிசுக்கு இந்த நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாக ஆக்கினால், எப்போது கலையும் என்று சொல்லிவிடலாம். அந்தக் கட்டுரை 1883-இல் வந்தது, வாட்டர்ஸ்டன் காணாமல் போன அதே வருஷம். மதிப்பீட்டாளர்கள் ராலேயும் ஸ்டோக்ஸும். இருவருமே போடலாம் என்றார்கள். அந்த எண்ணுக்கு ரெனால்ட்ஸ் எண் என்று 1908-இல் பெயர் வைத்தவர் ஸோமர்ஃபெல்ட். அவர் ஆய்வுக் கருவி மான்செஸ்டரில் இன்னும் இருக்கிறது. அதே சோதனையை அதே கருவியில் பிற்காலத்தில் செய்தவர்களுக்கு அவர் அளவுக்குச் சாயக்கோட்டை நேராக வைத்திருக்க முடியவில்லையாம். தெருவில் ஓடும் வண்டிகளின் அதிர்வுதான் காரணம்.

1894-இல் அவர் இரண்டாவது கட்டுரையை அனுப்பினார். சோதனை எதுவும் இல்லை, முழுக்கக் கணக்கு. கலைந்து ஓடும் நீரின் வேகத்தைச் சராசரி ஒன்று, அதைச் சுற்றிய துடிப்பு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார். செயலாளர் ராலே அதை ஸ்டோக்ஸுக்கும் ஹொரேஸ் லாம்புக்கும் அனுப்பினார். லாம்ப் யார்? அதே ஓவன்ஸ் கல்லூரியின் கணிதப் பேராசிரியர். பக்கத்து அறைக்காரர் மாதிரி.

ஸ்டோக்ஸ் திரவ இயக்கவியலின் பிதாமகர்களில் ஒருவர். எங்கள் சமன்பாடுகளில் பாதி அவர் பெயரில்தான் இருக்கிறது. அவரே நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். கடைசியில், ஆசிரியர் சொல்வது நிறுவப்பட்டுவிட்டது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிற மாதிரி எழுதினார். லாம்ப் இன்னும் வெளிப்படையாகக் குறை சொன்னார். நிறைய இடம் தெளிவாக இல்லை, குறியீடுகள் குழப்புகின்றன. ஆனாலும் தன் முடிவை இப்படி எழுதினார்: இந்தத் துறையையே பெருமளவு உண்டாக்கிய மனிதரின் கருத்து இது, பல இடம் இருட்டாக இருந்தாலும் அச்சிட வேண்டும். ரெனால்ட்ஸ் பதில் எழுதினார், விளக்கங்களைச் சேர்த்தார், 1895-இல் கட்டுரை வந்தது.

இன்றைக்கு விமான இறக்கையிலிருந்து எங்கள் ஆலைக் குழாய் வரை கணினியில் ஓட்டத்தைக் கணக்கிடும் எந்த மென்பொருளைத் திறந்தாலும் அந்தச் சராசரி-துடிப்புப் பிரிப்புதான் முதல் பட்டியலில் நிற்கிறது. ரெனால்ட்ஸ் சராசரி என்றே அதற்குப் பெயர்.

இரண்டு கட்டுரையும் மதிப்பீட்டாளருக்குப் புரியவில்லை. ஒன்று பம்பாயிலிருந்து பெயர் தெரியாத ஒரு வாத்தியார் எழுதியது. இன்னொன்று 1877-லேயே சங்கத்தின் உறுப்பினரான, சங்கத்தின் பதக்கமும் வாங்கிய பேராசிரியர் எழுதியது. லாம்ப் நேர்மையான மனிதர் என்றுதான் எனக்குப் படுகிறது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்லிவிட்டு, வழியையும் அடைக்காமல் விட்டார். ஆனால் அவர் அந்தப் பெரிய மனதைக் காட்டியது கட்டுரையைப் பார்த்தா, பெயரைப் பார்த்தா? அவர் அறிக்கையின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் பெயரை வைத்துத்தான்.

இதை நான் சொன்னபோது புரோப் மறுக்கவில்லை. "ஆமா. பேரு இருக்கிறவனுக்கு இருட்டுல எழுத லைசென்ஸ் உண்டு. உனக்கும் எனக்கும் இல்ல. அதனால நீ வெளிச்சத்துல எழுது."

பிறகு தன் கதையைச் சொன்னார். அவர் இங்கிலாந்தில் முனைவர் பட்டம் செய்த காலத்தில் கணினி அச்சு இல்லை. கட்டுரையைத் தட்டச்சு செய்யப் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு அம்மாவுக்குக் காசு. கிரேக்க எழுத்து வரும் இடத்தையெல்லாம் அந்த அம்மா வெற்றிடமாக விட்டுவிடுவார். இவர் ராத்திரி உட்கார்ந்து கறுப்பு மையில் மியூ, ரோ, டௌ என்று கையால் நிரப்புவார். வரைபடங்கள் டிரேசிங் தாளில் ரோட்ரிங் பேனாவால். ஒரு சொட்டு மை தவறினால் பிளேடால் சுரண்ட வேண்டும், ரொம்பச் சுரண்டினால் தாள் ஓட்டையாகும். சமன்பாடுகளை ஒழுங்காக அச்சிடும் டெக் நிரலை டொனால்ட் குனுத் 1977-இல் எழுதத் தொடங்கியதே, தன் சொந்தப் புத்தகத்தின் அச்சுப் படியைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான். அது இவர் கைக்கு வந்து சேர்ந்தபோது இவர் பட்டம் வாங்கி வேலைக்கே வந்துவிட்டார்.

"கார்பன் காப்பி இன்னும் வீட்ல இருக்கு. ஊதா கலர்ல மங்கிப் போயிருச்சு. தூக்கிப் போட மனசு வரல."

நாங்கள் கட்டுரையை முதலிலிருந்து பிரித்தோம். இரண்டு மாதம். முன் ஆய்வுகள் பகுதி மூன்றரைப் பக்கமானது. மெட்ஸ்னர், ரீட் இருவரையும் வாசலிலேயே நிறுத்தினேன். சோதனைப் பகுதியில் கசடு எந்தக் குளத்தின் எந்த ஆழத்திலிருந்து எடுத்தது, எத்தனை மணி நேரத்துக்குள் சோதித்தது, அழுத்தமானியின் பிழை எவ்வளவு என்று மறைக்காமல் எழுதினேன். ஒரு வரைபடத்தில் கோட்டிலிருந்து விலகி நின்ற நான்கு புள்ளிகளை முதல் தடவை சத்தமில்லாமல் எடுத்துவிட்டிருந்தேன். அவற்றைத் திருப்பி வைத்தேன். கனமழைக்கு அடுத்த நாள் எடுத்த கசடு அது, நீர்த்துப்போயிருந்தது. விலகலுக்குக் காரணம் அதுதான் என்று எழுதியதும் கட்டுரையில் அதுவரை இல்லாத ஒரு சுவாரஸ்யமே வந்துவிட்டது. மழைக்காலத்தில் பம்பை எப்படி ஓட்டுவது என்று ஒரு துணைத் தலைப்பு அந்த நான்கு புள்ளிகளிலிருந்து பிறந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "மழ பெஞ்சா பம்பு லேசா ஓடும், அது எங்களுக்கு எப்பவோ தெரியும்லா" என்றார்.

ஆங்கிலத்தை யாரிடமும் காட்டவில்லை. நீளமான வாக்கியங்களை நானே உடைத்தேன். என் வாக்கியம் எல்லாம் தமிழ் வாக்கியம் மாதிரி வினையைக் கடைசியில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

சுருக்கத்தைக் கடைசியாகத்தான் எழுதினேன். எல்லோரும் சொல்லும் அறிவுரைதான் அது. ஆனால் அதற்கு நான் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். மற்ற எல்லாம் அலமாரிக்குப் போனாலும் வெளியே மிஞ்சப் போவது அந்த 200 சொல் மட்டும்தான் என்ற நினைப்பு போகவில்லை. அந்த இதழ் சுருக்கத்துக்கு மேலே முக்கியக் குறிப்புகள் என்று ஐந்து வரி வேறு கேட்டது. ஒவ்வொன்றும் இடைவெளியோடு சேர்த்து 85 எழுத்துக்குள். மூலக்கூறுகளின் ஓட்டத்தை வாட்டர்ஸ்டன் 85 எழுத்தில் சொல்லியிருந்தால் லபக் படித்திருப்பாரோ என்னவோ.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 11 மணிக்கு அனுப்பினேன். பெயர், முகவரி, உடன் எழுதியவர், நிதி கொடுத்தவர், முரண்பாடு இல்லை என்ற உறுதிமொழி, பரிந்துரைக்கும் ரிவியூவர்கள் மூவர் என்று ஒவ்வொரு பெட்டியாக நிரப்பி, கடைசிப் பொத்தானை அழுத்திய கையோடு ஒரு எண் வந்தது. அது வந்த பிறகும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை 26 பக்கத்தையும் அச்சடித்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் என் பெயரைத் தேடினார். அப்புறம் தன் பெயரையும். மகள் என்ற சொல்லுக்கு அப்புறம் அதுவும் அங்கேதான் இருந்தது. வரைபடங்களைப் புரட்டி, குழாய்ப் படம் வந்த இடத்தில் நிறுத்தி, வால்வை இந்தப் பக்கம் வைத்திருக்கலாமே என்றார். அவர் சொன்னது சரிதான்.

"இது பேப்பர்ல வந்துருச்சா?"

"இல்லப்பா. அனுப்பியிருக்கேன். படிக்கிறாங்க."

"எத்தன நாளாவும்?"

"தெரியாது. நாலு நாளும் ஆவலாம், ஆறு மாசமும் ஆவலாம்."

ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். தன் இரண்டாம் கிரேடு பாய்லர்மேன் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், எங்கள் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இருக்கும் பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தார். 26 பக்கத்தையும் தட்டி ஓரத்தை நேராக்கி அதில் வைத்துப் பூட்டினார். இன்று காலை பார்த்தபோது இதழின் பக்கத்தில் 'ஆசிரியரிடம் உள்ளது' என்றுதான் காட்டுகிறது.